நாடியும் நலம் விசாரிப்பும்

ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சி மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. எனினும் அந்நாளில் செல்வாக்குப் பெற்றிருந்த யூனானி மருத்துவத்தின் நினைவு வேலூர், ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. ஹகீமின் எதிரே அமர்ந்து கை நீட்டிய அனுபவத்தை நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஹகீமின் விரல்கள் மணிக்கட்டில் பதிந்திருக்கும். அதே வேளையில் அவருடைய வாய் விசாரித்துக் கொண்டிருக்கும். இரவு உறக்கம் வந்ததா? படியேறும்போது மூச்சு வாங்குகிறதா? மகளின் திருமணம் முடிந்துவிட்டதா? விரல் ஒன்றை அறியும். விசாரணை வேறொன்றை அறியும். இரண்டும் கூடிய பிறகே மருந்தைப் பற்றிய பேச்சு எழும்.

இம்முறைக்குப் பழைமையான ஒரு சான்றும் உண்டு. 1037ஆம் ஆண்டில் மறைந்த பேரறிஞர் இப்னு சீனா தம் 'அல் கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் நாடியைப் பத்து இயல்புகளால் அறியலாம் என வகுத்தார். நாடியின் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் அவற்றுள் அடங்கும். அதே நூலில் காதல் நோயைக் கண்டறியும் வழியையும் அவர் கூறுகிறார். நோயாளியின் நாடியில் விரலை வைத்துக்கொண்டு பல பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவர வேண்டும். எந்தப் பெயரைக் கேட்டதும் நாடி மாறுகிறதோ அந்தப் பெயரிலே நோயின் காரணம் இருக்கிறது. இதில் சிந்திக்கத் தக்க நுட்பம் ஒன்று உண்டு. நாடி தானாக எதையும் சொல்லிவிடவில்லை. அதனுடன் பேச்சுக் கொடுத்த பிறகே அது பேசியது. மனிதனிடம் கேட்காமல் அவன் நாடியை மட்டும் கேட்டவருக்குப் பாதி விடைதான் கிடைத்திருக்கும்.

இன்று நம் மணிக்கட்டைப் பிடிக்கப் புதிய ஹகீம் ஒருவர் வந்திருக்கிறார். கைக்கடிகார உருவில் வந்திருக்கும் அவர் இரவும் பகலும் பிடித்த கையை விடுவதில்லை. ஆனால் நலம் விசாரிப்பதும் இல்லை. அந்த விசாரிப்பை அவருக்குக் கற்றுத் தருவது யார் கடமை என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். கல்பு என்னும் அரபுச் சொல்லின் வேர் புரளுதல், திரும்புதல் என்னும் பொருளைத் தருவது. புரண்டுகொண்டே இருப்பதுதான் இதயத்தின் இயல்பு. ஆயின் அந்தப் புரளலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இதயத்தின் மேலறைகளில் இருந்து எழும் மின் தூண்டுதல் கீழறைகளுக்கு முறையாக இறங்குவதால் தாளம் பிறக்கிறது. சிலருக்கு மேலறைகள் முறையாகச் சுருங்கி விரியாமல் வெறுமனே துடிதுடித்து நடுங்கத் தொடங்கிவிடுகின்றன. இதனை மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பர். நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கும். தேங்கிய இரத்தம் உறையும். உறைந்த கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். இந்நோய் உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பது பல்லாண்டு ஆய்வுகளின் முடிவு. கொடுமை என்னவெனில், பலருக்கு இந்த நடுக்கம் வெளியே தெரிவதே இல்லை. நெஞ்சு படபடக்கும், களைப்பாக இருக்கும், அல்லது ஒன்றுமே இராது. கை கால் விழுந்த பிறகுதான் இப்படி ஒரு நோய் இருந்தது என்பதே பலருக்குத் தெரியவருகிறது.

ஆகவே இடைவிடாமல் நாடி பார்க்கும் கருவி ஒன்று கிடைப்பது பெரும் நன்மையே. கடிகாரத்தின் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் பாய்கிறது. இரத்தம் பெருகும்போது ஒளி மிகுதியாக உறிஞ்சப்படும்; வடியும்போது குறையும். அந்த ஏற்ற இறக்கத்தின் இடைவெளிகள் சீராக இருக்கின்றனவா என்று கருவி கணக்கிடுகிறது. சில கடிகாரங்களில் மறு கையின் விரலைச் சுமார் 30 வினாடி வைத்தால் எளிய ஈ.சி.ஜி. ஒன்றும் கிடைக்கும். அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் நடத்தி 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 4,19,297 பேர் கலந்துகொண்டனர். அவர்களுள் 'உங்கள் நாடி ஒழுங்காக இல்லை' என்ற அறிவிப்பைப் பெற்றவர்கள் 0.52 விழுக்காட்டினர். அறிவிப்புப் பெற்றபின் நெஞ்சில் பட்டை ஒட்டிச் சோதித்து அதைத் திருப்பி அனுப்பியவர்களில் 34 விழுக்காட்டினருக்கு அந்த நாட்களில் நோய் பதிவாயிற்று. விட்டு விட்டு வரும் நோயாதலால் பதிவாகாதவருக்கு நோயே இல்லை என்றும் கூறிவிட முடியாது. கருவி பயனுடையது, ஆயின் அதன் சொல் தீர்ப்பு அன்று. மாரடைப்பை அது கண்டறியும் என்று எண்ணுவோரும் உளர். அது அதன் வேலையே அன்று. நெஞ்சு வலித்தால் கடிகாரத்தைப் பாராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அந்த நான்கு இலட்சத்துச் சொச்சம் பேர் யார்? ஆப்பிள் கைபேசியும் ஆப்பிள் கடிகாரமும் ஏற்கெனவே வைத்திருந்தவர்கள். ஆம்பூரின் ஷூ கம்பெனியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணும், ராணிப்பேட்டை டேனரியில் ஈரத் தோலைப் புரட்டும் தொழிலாளியும் அந்தக் கணக்கில் இல்லை. ஒருவரைக் கணக்கில் சேர்க்காமல் செய்த கருவியை அவர் கையிலேயே கட்டுவது முறையா? கருவி செய்வோர் யாரைக் கேட்டுச் செய்ய வேண்டும்? கேட்பது வெறும் மரியாதையா, அல்லது கடமையா?

வேலூர் தந்த பாடம்

விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் பகுதியிலேயே அது இருக்கிறது. அது தொழுநோயாளிகளிடமிருந்து வந்த விடை.

டாக்டர் ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணி கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1946இல் அங்கு வந்து சேர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றி நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தை அவர் வளர்த்தார். விரல்கள் நிமிர்ந்தன, மருத்துவ அறிவு வென்றது. ஆனால் குணமடைந்து சென்றவர்களில் சிலர் முகம் வாடித் திரும்பி வந்தனர். 'கையைச் சரிசெய்துவிட்டீர்கள், இந்தக் கையைப் பார்த்து இப்போது யாரும் பிச்சை போடுவதில்லை' என்பது அவர்கள் முறையீடு. அவர்களுக்கு வேறு தொழில் தெரியாது. தொழுநோயாளி என்ற பெயர் இருக்கும்வரை வேலை கொடுப்பாரும் இல்லை. மருத்துவரின் கணக்கில் வெற்றியாக இருந்தது நோயாளியின் கணக்கில் பசியாக இருந்தது. அந்த முறையீடு காதில் விழுந்த பிறகுதான், சரிசெய்த கையால் தச்சு முதலிய தொழில்களைக் கற்றுக்கொள்ளக் கல்லூரி வளாகத்திலேயே ஒரு சிற்றூர் எழுந்தது.

அச்சிற்றூரில் நடந்த இன்னொன்றும் அறியத் தக்கது. நோயாளிகளின் விரல்களில் புதிது புதிதாகக் காயங்கள் தோன்றின. நோய்தான் சதையை அரிக்கிறது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. மருத்துவரும் நோயாளிகளும் கூடி அமர்ந்து ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினர். சூடான குவளை சுட்டிருக்கிறது. கருவிப் பிடியின் சிம்பு குத்தியிருக்கிறது. உணர்ச்சி இல்லாத கைக்கு அது தெரியவில்லை. இரவோடு இரவாக விரலில் சதை காணாமற்போன புதிருக்கும் விடை கிடைத்தது. எலி கடித்திருக்கிறது, உறங்கியவருக்கு வலிக்கவில்லை. அதற்கு மருந்து என்ன தெரியுமா? பூனை. வீடு திரும்பும் நோயாளியுடன் ஒரு பூனையும் அனுப்பப்பட்டது. எந்த ஆய்வுக்கூடமும் தனியே அமர்ந்து இந்த மருந்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நோயாளி எங்கே படுக்கிறார், எதைத் தொடுகிறார், எப்படி உண்கிறார் என்பதை அவருடன் இருந்து அறிந்ததால் கிடைத்த மருந்து அது.

செருப்பின் கதையும் அவ்வாறே. உணர்ச்சியற்ற பாதம் புண்ணாகாமல் இருக்க மென்மையான நுண்துளை இரப்பர் கொண்ட செருப்பு வேலூரிலும், 1955இல் பணி தொடங்கிய கரிகிரி மருத்துவ நிலையத்திலும் உருவாக்கப்பட்டது. மருத்துவ நோக்கில் எவ்வளவு சிறந்ததாயினும், தெருவில் நடக்கும்போது 'இவர் தொழுநோயாளி' என்று காட்டிக்கொடுக்கும் செருப்பை அணிய எவரும் விரும்புவதில்லை. அணியாத செருப்பு எந்தக் காலையும் காப்பதில்லை. தோலும் காலணியும் தொழிலாகக் கொண்ட நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காலுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது. மனத்துக்கும் பொருந்த வேண்டும்.

அதே கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார்; 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவரது உழைப்பின் பயன். மருத்துவரும் நோயாளியும் ஒரே உடலில் கூடியபோது ஒரு துறையே பிறந்தது. நோயுற்றவர் சிகிச்சையைப் பெறுபவர் மட்டும் அல்லர், அதனைப் படைப்பவரும் ஆகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அளவுகோல் யாருடையது?

இப்பாடத்தைக் கொண்டு இதயக் கருவிகளைப் பார்ப்போம்.

விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரைக் கொரோனா காலத்தில் அறியாத வீடு இல்லை. அதுவும் ஒளியைத் தோலுக்குள் செலுத்தியே கணிக்கிறது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. கருவி 'நலம்' என்று காட்டியும் உள்ளே பிராணவாயு குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதியாக இருந்தது. எந்தத் தோலைக் கொண்டு சோதித்தார்களோ அந்தத் தோலுக்கே கருவி உண்மை சொல்லும். இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லாமல் இருக்கலாம். எண்ணத்தில் தீமை இல்லாமலே விளைவில் அநீதி நேரக்கூடும் என்பதுதான் அச்சம் தருவது.

இனி ஒரு டேனரித் தொழிலாளியை மனத்தில் நிறுத்துங்கள். சுண்ணாம்பிலும் இரசாயனங்களிலும் ஆண்டுக்கணக்காகப் புழங்கிய அவருடைய விரல்கள் காய்த்து வறண்டிருக்கின்றன. ஈ.சி.ஜி. எடுக்கும் முனைக்கு வேண்டியதோ மென்மையும் ஈரப்பசையும் உள்ள தோல். வறண்ட விரலை வைத்தால் கோடு கலங்கி வரும். 'மீண்டும் முயல்க' என்று கருவி சொல்லும். அதுவும் ஆங்கிலத்தில் சொல்லும். அவர் வீட்டில் பேசுவது உருதுவாக இருக்கலாம், தமிழாக இருக்கலாம். இரண்டையும் எழுதப் படிக்கத் தெரியாதவராகவும் இருக்கலாம். கைபேசி ஒன்றுதான், அது கல்லூரி செல்லும் மகனிடம் இருக்கிறது. இவரைக் கூட்டத்துக்கு ஒருமுறை அழைத்து, 'ஐயா, இதைக் கையில் கட்டிப் பாருங்கள்' என்று கேட்டிருந்தால் ஒரே பிற்பகலில் தெரிந்துவிடக்கூடிய குறைகள் இவை. கேட்காததால் அவை விற்பனைக்கு வந்த பிறகு தெரிகின்றன. அதற்குள் குறை கருவியில் இல்லை, தம்மிடத்தில்தான் இருக்கிறது என்று அவர் நம்பத் தொடங்கியிருப்பார்.

மருந்தையும் பாருங்கள். மேலை நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் முதியோருடையது. நம் நாட்டிலோ சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சிதைத்து, நடு வயதுக்கு முன்பே தாளத்தைக் குலைத்துவிடும் நிலை இன்னும் இருக்கிறது. இத்தகையோரை ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் 24 நாடுகளில் ஆராய்ந்து 2022இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் நடந்த அந்த ஆய்வில், புதிய ரிவரோக்சபான் மாத்திரையைவிட வார்ஃபரின் வகையைச் சேர்ந்த பழைய மருந்தே உயிரை நன்கு காத்தது. பழைய மருந்துக்கோ அடிக்கடி இரத்தச் சோதனை வேண்டும், உறைதன்மையின் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2க்கும் 3க்கும் இடையே நிற்க வேண்டும்; முருங்கைக் கீரை போன்ற கீரை வகைகளை ஒருநாள் மிகுதியாக உண்டு மறுவாரம் அறவே விடுவது அந்த அளவைக் குலைக்கும். ஆக, நம் பெண்களுக்கு வேண்டிய செயலி சோதனை நாளை நினைவூட்ட வேண்டும். அன்றைய சமையலைக் கேட்க வேண்டும். கூலியை இழக்காமல் சோதனைக்கு எந்த நாளில் போகலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நடந்த அடிகளை எண்ணிப் பாராட்டும் செயலியால் இவர்களுக்கு என்ன பயன்?

ரமலான் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு இருவேளை உண்ண வேண்டிய மாத்திரை. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் கைபேசி மணி அடிக்கிறது. நோன்பாளி காலை மணியை அணைத்துவிடுகிறார். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை அவர் அறிவார். எனினும் மனம் கேட்பதில்லை. மருத்துவரிடம் சொன்னால் திட்டுவார் என்று அஞ்சி, சொல்லாமலே ஒருவேளை மருந்தை விடுபவர் எத்தனை பேர்! ஸஹர் நேரத்திலும் நோன்பு திறக்கும் நேரத்திலும் மருந்தை மாற்றி அமைக்க இயலுமா, இவருக்கு நோன்பே ஆகாதா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு தொடங்க வேண்டுமானால், 'இந்த மாதம் நோன்பு நோற்க எண்ணுகிறீர்களா?' என்று முதலில் யாரோ கேட்க வேண்டும். ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும் மாதம் அது. கருவி அதை அறிந்திருப்பது கடினமும் அன்று. வடிவமைத்தவர்களின் மேசையில் நோன்பு நோற்கும் நோயாளி ஒருவர் அமர்ந்திருந்தால் போதும்.

மறுப்பும் விடையும்

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். 'நோயாளிக்கு மின்னியல் தெரியுமா? கணிதம் தெரியுமா? தம் நாடி நடுங்குவதே தெரியாதவரிடம் கருவியைப் பற்றி என்ன கேட்பது? கப்பலை ஓட்ட மாலுமி வேண்டும். பயணிகளின் வாக்கெடுப்பு உதவாது' என்பர்.

இம்மறுப்பில் உண்மை உண்டு. இந்நோயில் உணர்வு பல வேளைகளில் ஏமாற்றும். ஒன்றும் தெரியாதவருக்கு நோய் இருக்கும். நெஞ்சு படபடத்து அலறுபவருக்கு இராது. ஆகவே நோயாளி சொல்வதே முடிவு என்று கொள்வது அறிவுக்குத் துரோகம். நோயாளியிடம் நாம் கேட்பது மின் தூண்டுதலின் கணக்கை அன்று. அந்தக் கணக்கு எந்த வாழ்க்கையின் நடுவே நுழையப்போகிறது என்பதைக் கேட்கிறோம். மாலுமிதான் கப்பலை ஓட்ட வேண்டும். எந்தத் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர் பயணி.

இதயக் கருவிகளின் வரலாறே இதற்குச் சாட்சி. 1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்னும் 43 வயது நோயாளியின் உடலுக்குள் உலகின் முதல் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. வடித்தவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட்; பொருத்தியவர் டாக்டர் ஓகே செனிங். மனிதருக்குப் பொருத்தும் நிலையில் கருவி இன்னும் இல்லை என்று தயங்கிய இருவரையும் விடாது வற்புறுத்தி இசையவைத்தவர் நோயாளியின் மனைவி எல்சே மேரி. கணவர் நாள்தோறும் பலமுறை நினைவிழந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, எவ்வளவு அபாயத்தை ஏற்கலாம் என்பது மற்றவரைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அவசரத்தில் அந்தக் கருவியை வார்க்கப் பயன்பட்ட அச்சு எது என்று அறிந்தால் ஆம்பூர்க்காரர்கள் புன்னகை புரிவார்கள்: ஒரு ஷூ பாலிஷ் டப்பா! முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆயினும் லார்சன் பிழைத்தார். அடுத்தடுத்து 26 கருவிகளைச் சுமந்தார். தம்மைப் போன்ற நோயாளிகளுக்காகக் குரல் கொடுத்தார். கருவியை வடித்தவரும் பொருத்தியவரும் மறைந்த பின்னரும் வாழ்ந்து, 86 வயதில் 2001இல் காலமானார். பொறியாளரின் அறிவும் மருத்துவரின் கையும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அந்த மனைவியின் வற்புறுத்தலும் அவ்வளவு இன்றியமையாதது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலந்து பேசுவது வெறும் சடங்காகவும் ஆகிவிடலாம். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, இறுதியில் நோயாளிகள் சிலரை அழைத்துத் தேநீர் கொடுத்து, 'நிறம் பிடித்திருக்கிறதா?' என்று கேட்பது கலந்தாலோசனை ஆகாது. பெண்ணைக் கேட்காமல் நிக்காஹ் நாளைக் குறித்துவிட்டு, சேலையின் நிறத்தை மட்டும் அவளிடம் கேட்பது போன்றது அது. கேட்ட கேள்விக்கு 'வேண்டாம்' என்ற விடை வந்தால் திட்டம் மாறுமா? மாறும் என்றால்தான் அது கேள்வி.

அமானத்

கருவி திரட்டும் செய்திகள் யாருடையவை? இவ்வினாவை ஒரு நோயாளியே உலகின் முன் வைத்தார். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாழும் ஹியூகோ காம்போஸ் என்பவரின் நெஞ்சுக்குள், தாளம் பிறழ்ந்தால் மின்னதிர்வு தந்து நேராக்கும் கருவி பொருத்தப்பட்டது. கருவி பதிவு செய்யும் செய்திகள் நிறுவனத்துக்குச் சென்றன. அங்கிருந்து மருத்துவருக்குச் சென்றன. தம் நெஞ்சிலிருந்து புறப்பட்ட செய்தி தமக்கு மட்டும் வரவில்லை என்பதை எதிர்த்து அவர் பல்லாண்டு போராடினார். பொருத்திய கருவியின் செய்திகளை நோயாளியே எடுத்துப் பார்ப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 2015இல் அந்நாட்டில் விலக்கு வழங்கப்பட்டது. அதைக் கோரியவர்களுள் அவரும் ஒருவர். நம் நாட்டிலும் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. சட்டம் எல்லையை வகுக்கும். எல்லைக்குள் நடந்துகொள்ளும் முறையை அறம்தான் சொல்ல வேண்டும். ஒருவரின் நாடித் துடிப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டால் அது அமானத். அமானத்தை வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

இதுவரை நிறுவனங்களையும் மருத்துவர்களையும் நோக்கிப் பேசிவந்தோம். இனி நம் வீட்டு வாசலுக்குள் வருவோம்.

வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகன் விலையுயர்ந்த கடிகாரம் ஒன்றை அத்தாவுக்கு அனுப்புகிறான். தொலைவிலிருந்தே தந்தையின் நாடியை அவன் கைபேசி காட்டும். பாசத்தால் செய்த செயல், ஐயமில்லை. ஆனால் அத்தாவைக் கேட்டானா? 'ஏன் அத்தா, விடியற்காலையில் நாடி இவ்வளவு வேகமாக ஓடியதே, எங்கே போனீர்கள்?' என்று ஒருநாள் தொலைபேசியில் கேட்கிறான். பள்ளிவாசலுக்கு விரைந்து நடந்தார், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அந்த முதியவர் தம் நெஞ்சைத் தாமே ஒட்டுக்கேட்கத் தொடங்குகிறார். நாளைக்கு இருபது முறை விரலை வைத்துப் பார்க்கிறார். கடிகாரம் அதிர்ந்தால் முகம் வெளிறுகிறது. சில நாட்களில் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, 'சார்ஜ் நிற்கவில்லை' என்று பொய் சொல்கிறார். அச்சத்தைக் குறைக்க வந்த கருவி அச்சத்தையும் ஒரு சிறு பொய்யையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது.

இதே மகன் முதலில் இப்படிக் கேட்டிருந்தால்? 'அத்தா, டாக்டர் சொன்ன நோயைக் கண்காணிக்க இப்படி ஒன்று இருக்கிறது. கட்டிக்கொள்ள விருப்பமா? அது காட்டுவதை நான் பார்க்கலாமா, அல்லது நீங்களும் டாக்டரும் மட்டும் பார்த்தால் போதுமா? எப்போது எனக்குத் தகவல் வர வேண்டும், எப்போது வரக்கூடாது?' இந்த நான்கு கேள்விகளுக்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். கருவி அதேதான், கட்டப்பட்ட கையும் அதேதான். ஆனால் முதல் நிலையில் அவர் கண்காணிக்கப்படுபவர். இரண்டாம் நிலையில் தம் நோயைத் தாமே ஆளுபவர். இடையில் இருப்பது ஒரு விசாரிப்பு.

பெரிய நிறுவனங்கள் நோயாளியைக் கேட்காமல் கருவி செய்கின்றன என்று குறை கூற நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமை, வீட்டில் கேட்டுச் செய்பவருக்கே முழுமையாகச் சேரும். மருத்துவமனையிலோ கல்லூரியிலோ இத்தகைய கருவிகளை உருவாக்குவோர் 'வந்து கருத்துச் சொல்லுங்கள்' என்று அழைத்தால், நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்காமல் நம் பெரியவர்களை அழைத்துச் செல்வோம். வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்வோம். நோன்பைப் பற்றியும், கீரையைப் பற்றியும், காய்த்துப்போன விரலைப் பற்றியும், அறுந்துபோகும் கூலியைப் பற்றியும் அவர்கள் சொல்லட்டும். அவர்கள் சொல்லாவிட்டால் அந்தச் செய்திகள் வேறு எந்த வழியிலும் அந்த மேசையை அடையா.

இன்று மாலை வீட்டில் கடிகாரம் கட்டியிருக்கும் பெரியவர் யாரேனும் இருந்தால், அதன் திரையைப் பார்ப்பதற்கு முன் அவர் அருகில் சற்று அமருங்கள். 'இதைக் கட்டியிருப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடை நீங்கள் எதிர்பார்த்ததாக இல்லாமற்போகலாம். அப்போதும் அவரை முழுவதும் பேச விடுங்கள்.